கப்போர்டை மாற்றாமல் கிச்சனைப் புதுசாக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு மாடுலர் கிச்சனுக்குப் பன்னிரண்டு வயது. போன வருடம் அதைப் பிரிக்காமலே கதவுகளுக்குப் புது மைக்கா (பலகை மேல் ஒட்டும் கெட்டியான அலங்கார ஷீட்) ஒட்டி, கீலும் கைப்பிடியும் மாற்றினோம். அன்றிலிருந்து லிஃப்டில் நிறுத்திக் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். நான் ஆசாரி இல்லை. எங்கள் வீடு, அம்மா வீடு, தங்கையின் வாடகை வீடு என்று மூன்று கிச்சன் வேலைகளில் கூடவே நின்றிருக்கிறேன், அவ்வளவுதான். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

கப்போர்டு ரொம்பப் பழசாத் தெரியுது. மாத்தித்தானே ஆகணும்?

கப்போர்டில் இரண்டு பாகம் இருக்கிறது: சுவரோடு நிற்கும் பெட்டி, முன்னால் ஆடும் கதவு. பழசாகத் தெரிவது பெரும்பாலும் கதவுதான். பெட்டி திடமாக இருந்தால் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. பிரித்தால் செலவு கப்போர்டோடு நிற்காது. மேடைக் கல், பின்சுவர் டைல்ஸ், சிங்க் பைப் என்று ஒன்று ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

பெட்டியைச் சோதிக்க, சாமான்களை வெளியே எடுத்துவிட்டு மூன்று இடங்களைப் பாருங்கள்: சிங்க்குக்குக் கீழே இருக்கும் அடிப்பலகை, தரையை ஒட்டிய பக்கப்பலகை, கீல் பிடித்திருக்கும் இடம். திருப்புளி முனையால் லேசாக அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் ஊறிவிட்டது. தட்டும்போது வெறும் கூடு மாதிரி சத்தம் வந்து, ஓரத்தில் மண் கோடும் இருந்தால் கரையான். இந்த இரண்டும் இல்லையென்றால் மேலே படியுங்கள். இருந்தால் கடைசியில் இருக்கும் இரண்டு கேள்விகளுக்குப் போய்விடுங்கள்.

எங்க வீட்டுல இருக்கிறது பிளைவுட்டா, பார்ட்டிகிள் போர்டான்னு எப்படித் தெரியும்?

பைப் நுழைவதற்கு வெட்டிய ஓட்டையின் ஓரத்தைப் பாருங்கள், அங்கே யாரும் மைக்கா ஒட்டியிருக்க மாட்டார்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். மரத்தூளையும் சில்லையும் அழுத்திச் செய்த மாதிரி இருந்தால் பார்ட்டிகிள் போர்டு. சில்லே இல்லாமல் பழுப்பாக, அட்டை போல வழவழவென்று இருந்தால் எம்.டி.எஃப். பிளைவுட்டில் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருந்தால் அது மரைன் பிளை, தண்ணீரை நன்றாகத் தாங்கும். ஐ.எஸ். 303 என்பது பொதுவான பிளைவுட். அதில் எம்.ஆர். (ஈரப்பதம் தாங்குவது), பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்குவது) என்று ரகம் உண்டு, கிச்சனுக்கு இரண்டாவதுதான் சரி.

இது தெரிந்தால் என்ன லாபம் என்றால், ஸ்க்ரூ. பிளைவுட்டில் கழற்றி மாட்டினாலும் ஸ்க்ரூ பிடிக்கும். பார்ட்டிகிள் போர்டில் இரண்டாவது தடவையே ஓட்டை தொளதொளத்துவிடும். அதனால் அந்தக் கப்போர்டில் “சும்மா கழட்டிப் பார்ப்போம்” என்று கை வைக்காதீர்கள்.

கையில ஐயாயிரம் ரூபாய்தான் இருக்கு. எதை முதல்ல செய்யணும்?

பிசுக்கை எடுங்கள், கதவுகளை நேராக்குங்கள், கைப்பிடியை மாற்றுங்கள். இதே வரிசையில். முதல் இரண்டுக்கும் பணமே தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு திருப்புளியும் போதும். இதைச் செய்து முடித்தபின் ஒரு வாரம் சும்மா இருங்கள். எங்கள் மாடியில் ஒருவர் மைக்காவுக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பியவர், இந்த வேலை முடிந்ததும் “இதுவே போதும் போலிருக்கே” என்று நிறுத்திக்கொண்டார்.

எண்ணெய்ப் பிசுக்கு எத்தனை தடவை துடைச்சாலும் போக மாட்டேங்குது, என்ன பண்றது?

ஈரத்துணியால் துடைத்தால் பிசுக்கு இடம் மாறும், போகாது. வெந்நீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, துணியை நனைத்துப் பிழிந்து, பிசுக்கு மேல் ஐந்து நிமிடம் போர்த்தினாற்போல் வையுங்கள். ஊறிய பிறகு துடையுங்கள். அசையாத இடங்களுக்குச் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி, விரல் நுனியால் தேயுங்கள். கடைசியில் நல்ல தண்ணீரில் பிழிந்த துணி, பிறகு காய்ந்த துணி. பளபளப்பான கதவுக்குப் பச்சை ஸ்க்ரப்பர் கூடாது, கோடு விழுந்தால் போகாது.

கதவின் ஓரங்களில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். மைக்காவுக்கு ஒன்றும் ஆகாது, பலகையின் வெட்டு ஓரத்தை மூடியிருக்கும் ஓரப் பட்டையின் இடுக்கு வழியாகப் பலகை குடித்துவிடும். அடுப்புக்கு மேலே இருக்கும் கதவின் அடி ஓரத்தை மறக்காதீர்கள். நம் தாளிப்பெல்லாம் அங்கேதான் குடியிருக்கிறது.

கதவு ஒண்ணு மேலேயும் ஒண்ணு கீழேயும் நிக்குது. ஆசாரியைக் கூப்பிடணுமா?

வேண்டாம். ஆட்டோ கீலில் (மாடுலர் கப்போர்டில் கதவுக்கு உள்பக்கம் மறைந்திருக்கும் ஸ்பிரிங் கீல்) கதவை மூன்று பக்கமும் நகர்த்த வசதி உண்டு. கதவைத் திறந்து பாருங்கள்: கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகினால் கதவு இடம் வலம் போகும். அதற்குப் பின்னால் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் முன்னும் பின்னும் போகும். பக்கப்பலகையில் கீலின் பிளேட்டைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் மேலும் கீழும் போகும். கால் சுற்று திருகுங்கள், மூடிப் பாருங்கள், மறுபடி கால் சுற்று. அவசரப்பட்டால் பக்கத்துக் கதவு கோணலாகும்.

ஸ்க்ரூ பிடிக்காமல் சும்மா சுற்றினால், அதைக் கழற்றிவிட்டு ஓட்டைக்குள் ஃபெவிகாலில் தோய்த்த பல்குத்தும் குச்சிகளை இறுக்கமாகச் செருகி, ஒரு ராத்திரி விட்டு, ஓரம் வெட்டிவிட்டு மறுபடி முடுக்குங்கள். பார்ட்டிகிள் போர்டுக்கு இது ரொம்ப நாள் தாங்காது. ஓட்டையை 8 மி.மீ. ஆகப் பெருக்கி, முழு மரக்குச்சியையே ஃபெவிகாலோடு அடித்து இறக்கி, அதில் ஸ்க்ரூ போடுவதுதான் சரி.

சாஃப்ட் க்ளோஸ் வேணும்னா கதவையே புதுசா செய்யணுமாமே?

யாரோ கதவு விற்கப் பார்த்திருக்கிறார்கள். சாதாரண ஆட்டோ கீலும், கதவைச் சத்தமில்லாமல் மெதுவாக மூடும் சாஃப்ட் க்ளோஸ் கீலும், கதவில் உட்காரும் கிண்ணம் பெரும்பாலும் ஒரே 35 மி.மீ. தான். பழையதை எடுத்த ஓட்டையிலேயே புதியது உட்காரும்.

பார்க்க வேண்டியது கீலின் வளைவை. கதவு பக்கப்பலகையை முழுக்க மூடினால் ஒரு வகை, ஒரே பலகையை இரண்டு கதவுகள் பங்கு போட்டால் இன்னொன்று, கதவு பெட்டிக்குள் அடங்கி நின்றால் மூன்றாவது. கடையில் ஜீரோ, எட்டு, பதினாறு கிராங்க் என்பார்கள். பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒவ்வொரு மாதிரியிலும் ஒன்றைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போங்கள். எல்லாக் கதவுக்கும் மாற்றவும் வேண்டாம். தினமும் இருபது தடவை திறக்கிற நான்கைந்து கதவுகளுக்கு மாற்றினால் போதும். லாஃப்ட் கதவு சாத்தும் சத்தம் வருடத்துக்கு நான்கு நாள்தான் கேட்கும்.

புது கைப்பிடி பழைய ஓட்டைக்குப் பொருந்தல. என்ன செய்ய?

வாங்கும் முன்பே அளந்திருக்க வேண்டும், பரவாயில்லை. அளவு என்பது கைப்பிடியின் முழு நீளம் இல்லை, இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகளின் நடுவுக்கு நடு. 96, 128, 160 மி.மீ. என்றுதான் பெரும்பாலும் வரும். ஒரே அளவில் வாங்கினால் துளையே போட வேண்டாம்.

அளவு மாறிவிட்டால், பழைய ஓட்டையை மூடும் பின்தகடு உள்ள கைப்பிடி வாங்கலாம். அல்லது ஓட்டையில் மரத்துக்கான புட்டி அடைத்து, கதவுக்குப் பெயிண்டோ மைக்காவோ போடும்போது மறைத்துவிடலாம். புதுத் துளை போடும்போது கதவின் பின்னால் ஒரு மரத்துண்டை அணைத்துப் பிடியுங்கள், இல்லாவிட்டால் டிரில் வெளியே வரும் பக்கம் மைக்கா பிய்த்துக்கொண்டு வரும்.

ஸ்டிக்கர், பெயிண்ட், மைக்கா. மூணுல எது?

சொந்த வீடு, பெட்டி நன்றாக இருக்கிறது என்றால் மைக்கா. மரக்கதவு என்றால் பெயிண்ட். வாடகை வீடு என்றால் ஸ்டிக்கர். இது என் தீர்ப்பு, சண்டைக்கு வராதீர்கள். ஸ்டிக்கர்தான் இருப்பதிலேயே மலிவு, சீக்கிரம் போவதும் அதுதான். அடுப்பை ஒட்டிய கதவில் சூட்டுக்கு ஓரம் சுருண்டு, அந்த இடுக்கில் கரப்பான் குடும்பம் நடத்தும். பெயிண்டுக்குப் பொருள் செலவு குறைவு, உழைப்பு அதிகம். மைக்காவுக்கு ஆசாரி கூலிதான் பெரிய செலவு, ஆனால் அதற்கப்புறம் அதை மறந்துவிடலாம்.

மைக்கா மேலே பெயிண்ட் நிக்குமா? எனக்குப் போன தடவை உரிஞ்சு வந்துடுச்சு.

எனக்கும்தான். அம்மா வீட்டில் அடுப்புக்கு மேலே மைக்கா ஒட்டிய ஒரு லாஃப்ட் கதவை ஈரத்துணியால் மட்டும் துடைத்துவிட்டு எனாமல் அடித்தேன். மூன்றாம் மாதம் அப்பளம் மாதிரி உரிந்தது. பெயிண்ட் மேல் தப்பில்லை, அது ஒட்டியது பிசுக்கின் மேல்.

முதலில், மேலே சொன்னபடி பிசுக்கை எடுங்கள். பிறகு கதவுகளைக் கழற்றி, கீல் மறைக்கும் இடத்தில் பென்சிலால் நம்பர் போடுங்கள். 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாளால், மைக்காவின் பளபளப்பு முழுக்கச் சாகும் வரை தேயுங்கள். தூசியைத் துடைத்துவிட்டு, வழவழப்பான பரப்பில் பிடிக்கும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும் பிரைமரை அடியுங்கள். சாதா மரப் பிரைமர் இங்கே உதவாது. ஒரு மூலையில் மட்டும் அடித்து, காய்ந்தபின் டேப் ஒட்டிச் சடக்கென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு வந்தால் மொத்தக் கதவுக்கும் அடிக்காதீர்கள். பிடித்தால் ஃபோம் ரோலரில் மெல்லிசாக இரண்டு கோட்.

தொட்டால் ஒட்டாமல் இருப்பது வேறு, இறுகுவது வேறு. இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை தேய்த்துக் கழுவக் கூடாது. வெள்ளை வேண்டும் என்பவர்கள் தண்ணீரில் கலக்கும் எனாமல் வாங்குங்கள். எண்ணெய் எனாமல் வெள்ளை, வெளிச்சம் குறைந்த இடத்தில் மஞ்சளடித்துப் போகும்.

தீபாவளிக்குள்ள பெயிண்ட் வேலையை முடிச்சிடலாமா?

தீபாவளி வருவதே வடகிழக்குப் பருவமழையோடுதான். ஈரக் காற்றில் ஒவ்வொரு கோட்டும் இழுத்துக்கொண்டே போகும், கதவுகளைப் பரப்பி வைக்க மொட்டைமாடியும் கிடைக்காது. பொங்கல் கழித்து, தை மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். மைக்கா வேலைக்கு மழை அவ்வளவு பெரிய தடை இல்லை.

பழைய மைக்காவை எடுக்காம அது மேலேயே புதுசு ஒட்டலாமா? எத்தனை ஷீட் வாங்கணும்?

பழைய மைக்கா எங்கேயும் கிளம்பாமல் இறுக்கமாக இருந்தால் ஒட்டலாம். கரடான உப்புத்தாளால் கீறி, கரடுமுரடாக்க வேண்டும். பசையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெள்ளை ஃபெவிகால் காய, தண்ணீரைப் பலகை உறிஞ்ச வேண்டும். அடியில் மைக்கா, மேலே மைக்கா என்றால் எது உறிஞ்சும்? ரப்பர் பசைதான் வேண்டும்: இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்தபின் அழுத்த வேண்டும். ஒட்டியபின் நகர்த்த முடியாது. அந்தப் பசையின் ஆவியும் தின்னர் ஆவியும் தீப்பிடிக்கும். வேலை முடிந்து வாடை போகும் வரை ரெகுலேட்டரை மூடி, அடுப்பைப் பற்றவைக்காமல், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அன்றைக்குச் சாப்பாடு வெளியில்தான்.

ஓரப் பட்டையைப் பழசின் மேல் ஒட்டக் கூடாது, எடுத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். இரண்டு கதவுக்கு நடுவில் இருப்பதே சில மி.மீ. இடைவெளி. இரு பக்கமும் பட்டை தடித்தால் கதவுகள் உரசும். ரொம்ப உயரமான கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும் புது மைக்கா ஒட்டினால் வில் மாதிரி வளையலாம், உள்பக்கமும் ஒரு மெல்லிய ஷீட் ஒட்டச் சொல்லுங்கள்.

ஷீட் கணக்கு: ஒரு ஷீட் 8 அடிக்கு 4 அடி. கதவு 29 அங்குலத்துக்கு 17 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கலர் மைக்கா என்றால், துண்டுகளை நெட்டையாகவும் குறுக்காகவும் மாற்றிப்போட்டு ஒரு ஷீட்டில் எட்டுக் கதவு எடுக்கலாம். மரக்கோடு டிசைன் என்றால் கோடு எல்லாவற்றிலும் ஒரே பக்கம் ஓட வேண்டும், ஆறுதான் வரும். மிஞ்சும் துண்டுகள் டிராயர் முகத்துக்கு ஆகும். பதினாறு கதவுக்கு ஒன்றில் இரண்டு ஷீட், இன்னொன்றில் மூன்று. டிசைன் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசியுங்கள்.

எங்க கதவுல மைக்கா இல்ல, ஒரு தோல் மாதிரி இருக்கு. அது உரியுது.

அது எம்.டி.எஃப். பலகை மேல் சூடாக்கி இழுத்து ஒட்டிய பி.வி.சி. தோல். அடுப்புச் சூட்டில் கிளம்புவது அதன் வழக்கமான வியாதி. அரைகுறையாக ஒட்டிப் பிரயோஜனமில்லை. ஹேர் டிரையரால் சூடு காட்டி முழுதாக உரித்துவிட்டு, பசைத் தடத்தைத் தேய்த்து, பிரைமரும் பெயிண்டும் அடிக்கலாம். ஓரங்கள் பெயிண்டைக் குடிக்கும், அங்கே மட்டும் பிரைமர் ஒரு கோட் அதிகம்.

மாடுலர் எல்லாம் இல்ல, கடப்பா கல்லுக்கு முன்னாடி கதவுதான் இருக்கு. இதெல்லாம் எங்களுக்கு இல்லையா?

அதிர்ஷ்டசாலி நீங்கள்தான். உங்கள் பெட்டி கல், ஊறவும் ஊறாது, கரையானும் தின்னாது. அலுமினிய ஃப்ரேம் கதவு என்றால் ஃப்ரேமை அப்படியே வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் ஷீட்டை மட்டும் உருவிவிட்டு வேறு கலர் போடலாம். அலுமினியக் கடைக்காரர் அரை நாளில் முடித்துவிடுவார். பி.வி.சி. கதவுக்கு எனாமல் சரியாகப் பிடிக்காது, அதற்குச் செலவழிக்கும் காசில் புதுக் கதவே மாட்டிவிடலாம்.

அம்மா வீட்டில் கல்லுக்கு முன்னால் பழைய மரக்கதவுகள், மேலே பல அடுக்கு எனாமல். அப்படிப்பட்டதைத் தேய்க்கும்போது ஜாக்கிரதை. பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், வேலை முடியும் வரை சின்னக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வேண்டாம்.

சிலிண்டர் வெளியே தெரியுது. அதுக்கும் ஒரு கதவு போட்டு மூடிடலாமா?

கதவு போடலாம், அடைக்கக் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் கதவின் அடியில் காற்றுப்போக வழி கட்டாயம் வேண்டும். மேலே மட்டும் ஓட்டை போட்டு அழகு பார்த்திருக்கிறார்கள் சிலர், அது போதாது.

மேல் கப்போர்டு கதவைக் கழட்டிட்டா ஓப்பன் ஷெல்ஃப் ஆயிடுமே, செலவே இல்ல?

வாரம் ஒருமுறை எல்லா டப்பாவையும் துடைக்க ஆள் இருந்தால் செய்யுங்கள்.

வாடகை வீடு. ஓனர் ஆணி அடிக்கவே விட மாட்டார்.

தங்கை வீட்டுக் கதைதான். கதவின் வெளிமுகத்துக்கு மட்டும் வினைல் ஸ்டிக்கர், உள்ளே ஷெல்ஃபுக்கு விரிப்பு, 96 மி.மீ. கைப்பிடிக்கு 96 மி.மீ. கைப்பிடி. பழைய கைப்பிடிகளை ஸ்க்ரூவோடு ஒரு கவரில் போட்டு லாஃப்டில் வைத்திருக்கிறாள், காலி செய்யும்போது மாட்டிவிட்டுப் போவாள். ஸ்டிக்கரின் ஓரத்தைக் கதவுக்குப் பின்னால் ஓர் அங்குலம் மடித்து ஒட்டினால் சீக்கிரம் கிளம்பாது. எடுக்கும்போது ஹேர் டிரையர் காட்டி மெதுவாக இழுக்க வேண்டும். பழைய பெயிண்ட் அடித்த கதவில் ஒட்டாதீர்கள், ஸ்டிக்கரோடு பெயிண்டும் வரும். அட்வான்ஸில் கை வைப்பார்கள்.

ஆசாரி சதுர அடிக்கு இவ்வளவுன்னு சொல்றார். நியாயமான்னு எப்படிப் பார்க்கிறது?

ரேட்டுக்கு முன்னால் எதை அளக்கிறார் என்று கேளுங்கள். கதவை மட்டுமா, பக்கவாட்டுப் பலகையும் சேர்த்தா, நடு இடைவெளிகளையும் சேர்த்து மொத்த முகப்பையா? ஒரே ரேட்டில் இந்த மூன்றுக்கும் பில் நிறைய மாறும். அப்புறம், பழைய ஓரப் பட்டையை எடுப்பது, புதுப் பட்டை, பசை, கதவைக் கழற்றி மாட்டி நேராக்குவது எல்லாம் அதில் அடக்கமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மைக்காவும் கீலும் நாமே வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் பேசுவது எனக்கு ஒத்துவந்தது.

சிங்க்குக்குக் கீழே மட்டும் ஊறி உப்பிப் போச்சு. மத்ததெல்லாம் நல்லா இருக்கு.

உப்பிய பார்ட்டிகிள் போர்டு காய்ந்தாலும் பழையபடி ஆகாது, அதன் மேல் மைக்கா ஒட்டுவது வீண். ஆனால் அதற்காக மொத்தத்தையும் பிரிக்க வேண்டாம். முதலில் கசிவை நிறுத்துங்கள். சிங்க்கின் ஓரத்து சிலிகான், வேஸ்ட் பைப்பின் வாஷர் இரண்டையும் பாருங்கள். பிறகு அந்த அடிப்பலகையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்காத பி.வி.சி. போர்டோ, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. போர்டோ போடச் சொல்லுங்கள். பக்கப்பலகையின் அடி நான்கு அங்குலம் மட்டும் போயிருந்தால் அதையும் அப்படியே வெட்டி ஒட்டலாம்.

கரையான் இருக்கு. மருந்து அடிச்சிட்டு மைக்கா ஒட்டிடலாமா?

ஒரே ஒரு கதவில் என்றால் அந்தக் கதவை வெளியே போட்டுவிட்டு, பெட்டிக்கும் சுவர் ஓரத்துக்கும் ஆள் வைத்து மருந்து ஏற்றி, இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மேல்வேலை செய்யுங்கள். பெட்டியின் பக்கப்பலகைகளே கூடாகிவிட்டால், மன்னிக்கவும், பிரிப்பதுதான் வழி. அப்போதும் கைப்பிடி, கீல், டிராயர் சேனல், கூடைகள் எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பெட்டிக்கு ஆகும்.